காப்பி பேஸ்ட் ஹால்டிங்கும் டிரைவர் அண்ணன் டைரியும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. எஸ்.க்யூ.எல். பத்தினதுதான். ஆனா பொட்டி தட்டாத மக்கள் உடனே ஓடிடாதீங்க, பாதிக்கு மேல லாரியும் பேட்டாவும்தான் வரும். நான் வேலை பாத்ததும் நிஜமான பொட்டி தூக்குற கம்பெனியிலதான். திருவொற்றியூர் பக்கம் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ், கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுறவங்க. பேரெல்லாம் வேண்டாம். ஆக நான் ரெண்டு அர்த்தத்துலயும் பொட்டி தட்டினவன் :-)

வடசென்னைக்கு வராதவங்களுக்காக கொஞ்சம் பின்கதை. நாட்டோட முதல் கண்டெய்னர் டெர்மினல் நம்ம சென்னைத் துறைமுகத்துலதான் 1983ல வந்துச்சு. 2001ல அது தனியார் கைக்குப் போச்சு, 2009ல ரெண்டாவது டெர்மினலும் வந்துச்சு. அதே 2001ல எண்ணூர்ல தனித் துறைமுகம் (2014ல இருந்து காமராஜர் துறைமுகம்). பொட்டி இப்படிப் பெருகினப்ப ரோடு மட்டும் அதே ரோடு. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் வீடுங்க. ராயபுரத்துல ஜீரோ கேட்டுக்குள்ள நுழையறதுக்காக டிரெய்லருங்க காசிமேட்டைத் தாண்டி, திருவொற்றியூர் தாண்டி, எர்ணாவூர் வரைக்கும் நிக்கிறதை எங்க ஏரியா பசங்க பாத்துப் பாத்தே வளந்தோம். டிரைவருங்க வண்டிக்குக் கீழ ஸ்டவ் வச்சு சோறு பொங்குவாங்க. வண்டியை விட்டு நகர முடியாது. முன்னாடி வண்டி பத்தடி நகர்ந்தா நாமளும் நகரணும், இல்லன்னா எவனாவது குறுக்க பூந்துடுவான்.

இந்தக் காத்திருப்புக்கு லாரித் தொழில்ல பேரு ஹால்டிங். பயணத்துக்குன்னு கொஞ்ச நேரம் கழிச்சுட்டு, அதுக்கு மேல நிக்கிற மணி நேரத்துக்குக் காசு. எங்க கம்பெனியில இந்தக் காசு ரெண்டு இடத்துல வரும். சரக்குக்காரங்க கிட்ட இருந்து ஹால்டிங் சார்ஜ்னு வாங்குவோம். அதுல ஒரு பங்கு, மணிக்கு இவ்வளவுன்னு டிரைவருக்குப் போகும். ரெண்டுக்கும் மணிக்கணக்கு ஒண்ணுதான். ஒண்ணா இருக்கணும்.

2017 நவம்பர். ஒரு சாயங்காலம் எர்ணாவூர்க்கார டிரைவர் அண்ணன் ஒருத்தர் என் மேஜைக்கு வந்தாரு. ஒரு கையில அவரோட செட்டில்மென்ட் சீட்டு. இன்னொரு கையில பார்ட்டி ஆபீஸ்ல குடுக்கச் சொல்லி அக்கவுண்ட்ஸ்ல அவர்கிட்டயே குடுத்து விட்ட பில் காப்பி. கவர் ஒட்டலை.

"இன்னா தம்பி, பார்ட்டிக்குப் போற பில்லுல 9 மணி நேரம் ஹால்டிங். என் சீட்டுல 7 மணி நேரம். ஒரே டிரிப்பு, ஒரே வண்டி. ரெண்டையும் உன் கம்ப்யூட்டர்தானே அடிச்சுது?"

கூடவே சட்டைப் பையில இருந்து ஒரு சின்ன டைரி. யார்டு விட்டது சாயங்காலம் 5.30, கேட் உள்ள போனது மறுநாள் காலை 8.30. மொத்தம் 15 மணி நேரம். அவர் கணக்கு சரி. எங்க ரெண்டு பேப்பர்ல ஒண்ணு தப்பு.

"இருங்கண்ணே, பாத்துச் சொல்றேன்"னு சொல்லிட்டு குவரியைத் திறந்து பாத்தேன். பாத்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

இங்க கொஞ்சம் டெக்னிக்கல். சி.டி.இ.ன்னு ஒண்ணு இருக்கு. காமன் டேபிள் எக்ஸ்பிரஷன். ஒரு பெரிய குவரி எழுதும்போது நடுவுல வர்ற ஒரு கணக்குக்கு முன்னாடியே பேர் வச்சுக்கிட்டு, அப்புறம் அந்தப் பேரை டேபிள் மாதிரி பயன்படுத்தலாம். 'வித்'துன்னு ஆரம்பிக்கும். எஸ்.க்யூ.எல். தரநிலையில 1999லயே வந்தாச்சு. எஸ்.க்யூ.எல். சர்வர்ல 2005, போஸ்ட்கிரெஸ்ல 2009. மைஎஸ்க்யூஎல் ஆளுங்கதான் பாவம், 2018ல 8.0 வர்ற வரைக்கும் காத்திருந்தாங்க. (அது தனி ஹால்டிங்!) எனக்கு சி.டி.இ. ரொம்பப் பிடிக்கும். அடைப்புக்குறிக்குள்ள அடைப்புக்குறின்னு உள்ள இருந்து வெளியே படிக்க வேண்டிய குவரியை மேல இருந்து கீழ படிக்கிற மாதிரி ஆக்கிடும்.

எங்ககிட்ட இருந்தது இப்படி ஒண்ணு. (தமிழ்ல அடிச்சிருக்கேன், காப்பி பண்ணி ஓட்டிப் பாக்காதீங்க.)

வித் காத்திருப்பு ஆஸ் (
செலக்ட் டிரிப்_எண், கேட்_இன் - யார்டு_அவுட் - 8 மணி நேரம் ஆஸ் ஹால்டிங்
ஃப்ரம் டிரிப்
)
செலக்ட் ... ஃப்ரம் காத்திருப்பு ...

பாக்க அழகாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பேருக்கு ஆயுசு அந்த ஒரு குவரி முடியற வரைக்கும்தான். அடுத்த குவரிக்கு 'காத்திருப்பு'ன்னா என்னன்னே தெரியாது. அப்போ அடுத்த ரிப்போர்ட்டுக்கு அதே கணக்கு வேணும்னா என்ன செய்வோம்? நாம எல்லாரும் செய்யறதைத்தான் நானும் செஞ்சேன். கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி. பார்ட்டி பில், டிரைவர் செட்டில்மென்ட், தினசரி வண்டி நிலவரம், முதலாளிக்கு மாசக் கடைசி ரிப்போர்ட்டுன்னு நாலு இடத்துல நாலு 'காத்திருப்பு'. பேர் ஒண்ணு, ஆள் நாலு.

2017 ஜூலையில ஜி.எஸ்.டி. வந்துச்சு. பில் குவரியைத் திறந்தே ஆகணும். அதே சமயம் பார்ட்டிங்க கூட புது ரேட் பேசினாங்க, பயணத்துக்குக் கழிக்கிற 8 மணி நேரம் 6 ஆச்சு. பில் குவரிதான் ஏற்கனவே திறந்து கிடக்குதே, அதுல இருந்த 8ஐ 6 ஆக்கினேன். தினசரி ரிப்போர்ட்லயும் மாத்தினேன். மாசக் கடைசி ரிப்போர்ட்ல மாசக் கடைசியில ஞாபகம் வந்து மாத்தினேன். செட்டில்மென்ட் குவரி வேற ஃபோல்டர்ல இருந்துச்சு.

விளைவு என்னன்னு புரியுதா? பார்ட்டிகிட்ட 9 மணி நேரத்துக்கு வாங்கினோம், டிரைவருக்கு 7 மணி நேரத்துக்குக் குடுத்தோம். ஒரு டிரிப்புக்கு ரெண்டு மணி நேரம், நாலு மாசத்துக்கு மேல. முதலாளிக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, யாரும் திட்டம் போட்டுச் செய்யலை. ஆனா டிரைவர் நிக்கிற இடத்துல இருந்து பாத்தா திருட்டுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. "சிஸ்டம்ல தப்பு நடந்துடுச்சுண்ணே"ன்னு சொன்னேன். "தப்பு எப்பவும் எங்க பக்கமாவே நடக்குதே தம்பி"ன்னாரு. பதில் சொல்ல வாய் வரலை.

பாக்கியைக் கணக்குப் போட ஒரு ராத்திரி போதுமா இருந்துச்சு. குடுத்து முடிக்க மூணு வாரம். இடையில வேலையை விட்டுப் போனவங்க ஏழு பேர். அஞ்சு பேரைப் பிடிச்சோம். மீதி ரெண்டு பேர் நம்பர் கடைசி வரைக்கும் ஸ்விட்ச் ஆஃப்.

இந்தப் பதிவோட கட்சி இதுதான்: காசு, நேரம், தகுதின்னு ஒருத்தரோட பாக்கெட்டைத் தொடுற கணக்கு எதுவா இருந்தாலும் அதுக்கு டேட்டாபேஸ்ல ஒரே ஒரு இடம்தான் இருக்கணும். அந்த இடம் வியூ. சி.டி.இ. கிடையாது.

வியூன்னாலும் பேர் வச்ச குவரிதான், ஆனா டேட்டாபேஸுக்குள்ளயே நிரந்தரமா உக்காந்திருக்கும். மெஸ்ல சுவத்துல மாட்டியிருக்கிற விலைப்பலகை மாதிரி. தோசை விலை ஏறினா பலகையில ஒரு தடவை அழிச்சு எழுதினாப் போதும். சி.டி.இ.யைக் காப்பி பண்றது ஒவ்வொரு சப்ளையரும் விலையை மனப்பாடம் பண்ணிக்கிட்டு பில் போடற மாதிரி. லீவுல போன சப்ளையர் திரும்பி வந்து பழைய விலையே சொல்லுவார்.

இதை நண்பர்கள் கிட்ட சொன்னா ரெண்டு பதில் வரும்.

ஓ.எம்.ஆர்.ல வேலை பாக்குற நண்பர் சொன்னது: "பிசினஸ் ரூலை டேட்டாபேஸ்ல ஏன்யா வைக்கிற? அப்ளிகேஷன் கோட்ல ஒரு ஃபங்ஷனா எழுது." அவர் ஆபீஸுக்கு அது சரியா இருக்கலாம். எங்க ஆபீஸ்ல பில்லுக்கு ஒரு பழைய டெஸ்க்டாப் புரோகிராம், வண்டி நிலவரத்துக்கு ஒரு வெப் பக்கம், இது ரெண்டையும் தொடாம எக்செல்ல இருந்து நேரா டேட்டாபேஸைக் கூப்பிட்டு கணக்கெடுக்குற அக்கவுண்ட்ஸ் அக்கா. இந்த மூணு பேருக்கும் பொதுவான இடம் டேட்டாபேஸ் ஒண்ணுதான். அக்காவை சி ஷார்ப் ஃபங்ஷன் கூப்பிடச் சொல்லவா முடியும்?

ரெண்டாவது பதில், "வியூ ஸ்லோ." இதைச் சொல்றவங்க பாதிப் பேர் யாரோ சொன்னதைச் சொல்றாங்க. சாதா வியூ எந்த டேட்டாவையும் சேத்து வைக்காது. நீங்க அதைக் கூப்பிடும்போது அதோட குவரி உங்க குவரிக்குள்ள விரிஞ்சு, ரெண்டையும் சேத்துதான் பிளானர் பாக்கும். அந்தக் காலத்து போஸ்ட்கிரெஸ்ல நிலைமை நேரெதிர். 2019ல 12 வர்ற வரைக்கும் சி.டி.இ.தான் மதில் சுவர் மாதிரி நிக்கும். உள்ள இருக்கிறதை முழுசாக் கணக்குப் போட்டு வச்சுட்டுத்தான் வெளியே உங்க வேர் கண்டிஷனைப் பாக்கும். ஒரு டிரிப்புக்கு ஹால்டிங் கேட்டா மொத்த டிரிப்புக்கும் போட்டு வச்சு அதுல ஒண்ணை எடுத்துக் குடுக்கும். எங்ககிட்ட இருந்தது 9.6. சி.டி.இ.யை வியூவா மாத்தினதும் செட்டில்மென்ட் சீட்டு வேகமாத்தான் வந்துச்சு. 12க்கு அப்புறம் ஒரே ஒரு தடவை பயன்படுத்துற சாதா சி.டி.இ.யை உள்ளயே விரிச்சுடும், வேணும்னா மெட்டீரியலைஸ்டுன்னு எழுதி சுவரைத் திரும்பக் கட்டிக்கலாம். எஸ்.க்யூ.எல். சர்வர்ல கதை வேற, அங்க சி.டி.இ.யை ரெண்டு தடவை கூப்பிட்டா கணக்கையும் ரெண்டு தடவை போடலாம். பேர் வச்சுட்டோம், ஒரு தடவை போட்டதை எடுத்து வச்சுக்கும்னு நம்புறவங்க அங்க ஏமாந்து போவாங்க.

ஆனா மீதிப் பாதிப் பேர் சொல்றதுல நியாயம் இருக்கு. நானே அடிபட்டேன். சில சமயம் வண்டியைக் கேட்ல திருப்பி அனுப்பிடுவாங்க. பேப்பர் சரியில்ல, சீல் சரியில்லன்னு. மறுபடி க்யூ, மறுபடி கேட் இன். ஒரே டிரிப்புக்கு ரெண்டு மூணு வரிசை வரும், அதுல கடைசிதான் கணக்கு. அதுக்காக வியூவுக்குள்ள ரோ நம்பர் போட்டேன், டிரிப் எண் வாரியா பார்ட்டிஷன் பண்ணி. டிரிப் எண் குடுத்துக் கேட்டா டக்குன்னு வரும். தேதி குடுத்துக் கேட்டா ஆபீஸ் பையன் டீ வாங்கிட்டு வர்ற வரைக்கும் சுத்தும். காரணம் சிம்பிள். பார்ட்டிஷன்ல இல்லாத ஃபீல்டை வச்சு முன்னாடியே வடிகட்டினா ரோ நம்பரே மாறிப் போகலாம்னு பிளானருக்கு பயம். அதனால எல்லா வருஷத்துக்கும் எண் போட்டுட்டு அப்புறம் வடிகட்டும். ஒரு டிரிப்புக்கு டிரிப் தேதி மாறவே மாறாதுன்னு நமக்குத் தெரியும், அதுக்குத் தெரியாது. பார்ட்டிஷன்ல டிரிப் தேதியையும் சேத்தேன். விடை அதேதான், ஆனா இப்போ தேதி கண்டிஷன் உள்ள வரைக்கும் போச்சு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. நீங்க ரெண்டு நிமிஷத்துல படிச்சுட்டீங்க, நன்றி சொல்லிட்டுப் போங்க.

அடுத்த அடி இன்னும் பெருசு. வியூவுல 8ஐ 6 ஆக்கினேன் இல்லையா, சரித்திரமே மாறிடுச்சு! 2016ல போட்ட பில்லை எல்லாம் திரும்ப எடுத்தா 6 மணி நேரக் கழிவுல வருது. அன்னிக்கு 8தான் விதி. ஆடிட்டர் பழைய பில் ஒண்ணைக் கேட்டப்போ அச்சடிச்சதும் ஸ்கிரீனும் ஒத்துப் போகலை. காப்பி பேஸ்ட் பண்ணி நாலு பொய் வச்சிருந்தவன், இப்போ எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி ஒரு பொய் வச்சிருந்தேன். அப்புறம்தான் உறைச்சுது, அந்த 8, 6 எல்லாம் குவரிக்குள்ளயே இருக்கக் கூடாது. அது டேட்டா. விதின்னு ஒரு டேபிள், எந்தத் தேதியில இருந்து, எத்தனை மணி நேரம், அவ்வளவுதான். வியூ டிரிப் தேதியைப் பாத்து அன்னிக்கு இருந்த விதியை எடுத்துக்கும். முதல் நாளே இதைச் செஞ்சிருந்தா அந்த நாலு சி.டி.இ.யும் நாலாவே இருந்திருந்தாலும் டிரைவர் அண்ணன் என் மேஜைக்கு வந்திருக்க மாட்டார்ங்கிறதையும் ஒத்துக்கறேன். ஆனா கேட் திரும்பி வந்த வண்டி விவகாரம் நாலு இடத்துல நாலு விதமா நாறியிருக்கும்.

இன்னொரு பாவமும் பண்ணேன். வியூ நல்லதுன்னு தெரிஞ்சதும் கண்டதுக்கெல்லாம் வியூ. வியூ மேல வியூ, அதுக்கு மேல வியூ. ஆறு மாடி ஆயிடுச்சு. அனுமதி இல்லாம கட்டின மாடி கணக்கா. இன்னிக்கு எத்தனை டிரிப்புன்னு ஒரு எண் கேட்டா கீழ டிரிப் டேபிளையே நாலு தடவை ஜாயின் பண்ணிட்டு வருது. மேல் மாடியில நின்னு எழுதறவனுக்குக் கீழ என்ன நடக்குதுன்னே தெரியாது. ஒரு நாள் வண்டி எண் ஃபீல்டைக் கொஞ்சம் மாத்தலாம்னு போனா, இதை ஒரு வியூ பயன்படுத்துது, மாத்த முடியாதுன்னு போஸ்ட்கிரெஸ் கையை விரிச்சுடுச்சு. எல்லா மாடியையும் இடிச்சு, மாத்தி, வரிசையா திரும்பக் கட்டினேன். இப்போ ரெண்டு மாடிக்கு மேல கட்டுறதில்லை. வியூவுக்குள்ள செலக்ட் ஸ்டாரும் போடறதில்லை. வியூ பண்ணின அன்னிக்கு இருந்த ஃபீல்டுதான் அதுல நிக்கும், அப்புறம் டேபிள்ல புதுசா சேத்தது தானா வராது. அது புரியாம அரை நாள் தேடினவன் நான்.

மெட்டீரியலைஸ்டு வியூ பத்தி ஒரு வார்த்தை. அது விடையையே சேத்து வச்சுக்கும், ரிஃப்ரெஷ் பண்ற வரைக்கும் பழசுதான். முதலாளியோட மாச ரிப்போர்ட்டுக்கு ஓகே. டிரைவர் சீட்டுக்கு நான் வைக்க மாட்டேன்.

அப்போ சி.டி.இ. வேண்டாமான்னு கேட்டா, தினமும் எழுதறேன். அந்த ஒரு குவரிக்குள்ள மட்டும் அர்த்தமுள்ள படியா இருந்தா சி.டி.இ.தான் அழகு. அதையே இன்னொரு குவரிக்கு இழுத்துட்டுப் போகக் கை போகும்போதுதான் நிறுத்துவேன். நிறுத்தி ஒரு கேள்வி: இது மாறினா ரெண்டு இடத்துலயும் சேந்தே மாறணுமா? ஆமான்னா வியூ. இல்லன்னா காப்பி பண்ணிட்டுப் போலாம், தப்பில்ல. எங்க யார்டுக்குள்ள லோடுக்காக நிக்கிறதுக்கும் கொஞ்ச நாள் 6 மணி நேரக் கழிவுதான் இருந்துச்சு. ரெண்டும் 6தானேன்னு ஒரே வியூவுல போட்டுடலாம்னு புதுசா வந்த பையன் சொன்னான். வேண்டாம் தம்பின்னு சொன்னேன். யார்டு நம்ம கையில, கேட் க்யூ நம்ம கையில இல்ல. ரெண்டும் வேற வேற விதி, எண் மட்டும்தான் அன்னிக்கு ஒண்ணா இருந்துச்சு. அடுத்த வருஷமே யார்டு கழிவு 4 ஆச்சு.

செட்டில்மென்ட் சீட்டையும் மாத்தினோம். முன்னாடி மொத்த ஹால்டிங் மணி நேரம் மட்டும்தான் அச்சாகும். இப்போ யார்டு விட்ட நேரம், கேட் இன் நேரம், கழிச்ச மணி நேரம், அது எந்தத் தேதி விதிங்கிறது வரைக்கும் வரும். எல்லாம் அந்த ஒரே வியூவுல இருந்து. எர்ணாவூர் அண்ணன் அதுக்கு அப்புறமும் டைரி எழுதறதை விடலை. மாசா மாசம் சீட்டை வாங்கி, என் மேஜைக்கு எதிர்லயே நின்னு, டைரியைத் திறந்து ஒவ்வொரு வரியா டிக் அடிச்சுட்டுத்தான் கையெழுத்து போடுவார். நான் சேர் எடுத்துப் போடுவேன், உக்கார மாட்டார்.

டிஸ்கி: உங்க ஆபீஸ்ல இந்த மாதிரி கணக்கை எங்க வைக்கிறீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. "எக்செல்ல"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அழுதுடுவேன்.